பூட்டிய பத்து

அரை மணி நேரத்தில் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அதற்குள் அந்த இன்னொன்றை எடுத்து மேசைமேல் வை என்று சொல்லிவிட்டுப் பொன்னுலிங்கம் அண்ணாச்சி வெளியே போனார். காற்று அவர் கையிலிருந்து கதவைப் பிடுங்கி அறைந்து சாத்தியது. இன்னொன்று. பேர் சொல்லிக் கேட்க அவருக்கே வாய் வரவில்லை என்று சுகிர்தா நினைத்தாள். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிப் பேர் சொல்லாமல் கேட்பார்கள். அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கப்பல் சரக்குப் பெட்டிக்கு ஜன்னல் வெட்டி ஆபீஸாக்கிய அறை. மின்விசிறி இல்லை. மேசைமேல் அண்ணாச்சியின் லேப்டாப் திறந்திருந்தது. அதன் பக்கவாட்டில், அவள் காலையில் கொண்டுவந்து செருகிய பச்சைச் சாவி கட்டைவிரல் கணு அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அதைச் செருகினால்தான் அவளுடைய எக்செல் ஷீட் திறக்கும். உருவினால் ஐந்து எண்ணுவதற்குள் எல்லாக் கட்டங்களும் வெறும் வெள்ளையாகிவிடும். கிரேன் ஆட்கள் அதைக் குச்சி என்பார்கள், வாங்குகிறவர்கள் டாங்கிள் என்பார்கள், அவள் சாவி என்பாள். அண்ணாச்சி கேட்கிற இன்னொன்று சிவப்பு. அது பைக்குள், தண்ணீர் பாட்டிலுக்கும் குடைக்கும் நடுவே, ஒரு மாத்திரை டப்பாவில் கிடக்கிறது. பச்சை ஷீட்டைத் திறக்கும், அவ்வளவுதான். சிவப்பைச் செருகினால் ஷீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிற எண்களையே மாற்றலாம். அப்படி ஒன்றுதான் உண்டு, அவளிடம்தான் உண்டு. யாராவது புதுக் கிரேன் வாங்கினால் அதன் அட்டவணையை ஏற்றுவதற்கு எடுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு அதைப் பையில் போட்டிருக்க வேண்டாம். ஏன் போட்டாள்? காலை ஆறு மணிக்குப் போன் வந்தது, பழைய பச்சைச் சாவி லேப்டாப்போடு கீழே விழுந்து ஒடிந்துவிட்டது, புதுசு ஒன்று உடனே கொண்டுவா என்றார். அவசரத்தில் டப்பாவோடு அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இங்கே பச்சையை எடுக்கும்போது சிவப்பையும் அண்ணாச்சி பார்த்துவிட்டார். அவசரம். அவள் வாழ்க்கையில் தப்பாகப் போனது எல்லாம் அவசரத்தில் போனதுதான்.

தகரம் முனகிற்று. மே மாதம் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஊத ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் முப்பந்தல் காடு முழுக்கக் காத்தாடிகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றுகின்றன, ஒன்று மட்டும் சுற்றவில்லை. அதன் மூன்று இறகுகளில் ஒன்றை மார்கழியில் இடி தின்றுவிட்டது. புது இறகு கீழே இரும்புத் தாங்கிகளில் படுத்திருக்கிறது, நாற்பது மீட்டர், ஆறு டன், கரையில் ஒதுங்கிய பெரிய மீன் மாதிரி வெள்ளையாக. அதைத் தூக்கத்தான் அண்ணாச்சியின் கிரேன் நிற்கிறது. சீசன் காற்று முழுசாக இறங்குவதற்குள் மாட்டினால் மாட்டினதுதான், விட்டால் புரட்டாசி வரைக்கும் அந்தக் காத்தாடி சும்மா நிற்கும். இறகு ஆறு டன் என்பது காற்றில்லாத நேரத்துக் கணக்கு. காற்றில் அது எத்தனை டன் என்று யாராலும் சொல்ல முடியாது, அதன் வேலையே காற்றைப் பிடிப்பதுதானே, அதற்கென்று வளைத்துச் செய்த உடம்பு, அந்தரத்தில் தொங்கும்போது மட்டும் பிடிக்காமல் இரு என்றால் இருக்குமா. லேப்டாப்பில் அவள் ஷீட் விரிந்திருந்தது. எடை, தூரம், உயரம், கொக்கி, சங்கிலி எல்லாம் பச்சை. காற்று என்ற கட்டத்தில் பன்னிரண்டு. கிரேன் கையின் உச்சியில் சுற்றும் கிண்ணக் கருவி காட்டியதை ஆப்பரேட்டர் முத்துக்குட்டி வாக்கிடாக்கியில் சொன்னான், அவளே அடித்தாள். வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டர். அடித்த உடனே கடைசிக் கட்டம் சிவந்து, தூக்கக் கூடாது என்று எழுதிக் காட்டியது. இங்கிலீஷில் வைக்கச் சொன்னார்கள். கலாசிகள் படிக்க வேண்டாமா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவர்கள் அவர்கள்தானே என்று தமிழில் வைத்தாள். இறகுக்கு எல்லை பத்து. அந்தப் பத்துதான் பூட்டியிருக்கிறது. அந்தப் பத்தைத்தான் அண்ணாச்சி கேட்கிறார்.

காற்றை ஒன்பது என்று பொய்யாக அடித்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். அடிக்கலாம். பச்சையாகும். ஆனால் பிரிண்டின் அடியில் சாவியின் நம்பரோடு ஆப்பரேட்டர் கையெழுத்துக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறாள், காற்று நான் பார்த்த அளவு என்று அச்சடித்த வரிக்குக் கீழே. அண்ணாச்சிக்குப் பொய்க் காற்று பிடிக்காது. அவருக்குக் கணக்கே மாறிவிட வேண்டும், உண்மையான பன்னிரண்டுக்கே ஷீட் சரி என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் யாரும் பொய் சொன்னதாக ஆகாது. மனுஷர் எவ்வளவு நாசூக்காக யோசிக்கிறார். தரையில் கிழித்த கோட்டையே இரண்டு அடி தள்ளிப் போட்டுவிட்டால் தாண்டினதாக ஆகாது. சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது வரைக்கும் ஏறியது. இது பயமா, நாற்பத்தொன்பது வயதா என்று இப்போதெல்லாம் அவளுக்குப் பிரித்துத் தெரிவதில்லை. ஆறு மாதமாக இப்படித்தான், காரணமே இல்லாமல் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். காலையில் பஸ்ஸில் தோவாளையில் பூக்கூடைகள் ஏறின, பிச்சியும் அரளியும், அந்த மணம் இன்னும் தோளில் இருக்கிறது, இந்த டீசல் நாற்றத்துக்குள் அது பொருந்தாமல் நிற்கிறது. ஒரு குச்சியை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஆட்டுகிறாள் என்று நாகர்கோவிலில் கிரேன் வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்வதை அவள் கணவர் ஆல்பர்ட் கேட்டுவந்து சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார், தோசைக்குச் சட்னி கேட்கிற குரலில். ஊருக்குள்ள எல்லாரும் ஷீட்ட சும்மா அனுப்பிக்கிடுதாங்க, நீ மட்டும் என்னத்துக்குப் பூட்டிக்கிட்டுத் திரியுத. என்னத்துக்கு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஒன்பது வருஷம் பின்னால் போக வேண்டும், போனால் உடனே திரும்ப முடியாது.

அப்போது அவள் வேறொரு கம்பெனியில் இருந்தாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டுச் சேர்ந்து, கிரேன் எதை எப்போது தூக்கலாம் என்று தூக்குக் கணக்குப் போடுகிறவள் என்று பேர் வாங்கியிருந்தாள். ஷீட் அவள் செய்ததுதான், ஞாயிற்றுக்கிழமைகளில், கோவிலுக்குப் போய்விட்டு வந்த மத்தியானங்களில். அதற்கு ஒரு பாஸ்வேர்டு போட்டிருந்தாள், கம்பெனியின் பேரையே. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தெரியாவிட்டாலும் ஒன்றுமில்லை, எக்செல் பாஸ்வேர்டு என்பது பீரோவுக்குக் கொக்கி போட்ட மாதிரிதான். பிற்பாடு வெட்டூர்ணிமடத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துப் பார்த்தாள், அங்கிருந்தவர் வடை தின்றுகொண்டே ஏழு நிமிஷத்தில் உடைத்துக் கொடுத்தார். அந்த வருஷம் பணகுடிப் பக்கம் ஒரு தூக்கு. இறகு பாதி உயரத்தில் இருக்கும்போது காற்று ஒரு பிடி பிடித்தது. அது சுற்றிய சுற்றில் கீழே கயிறு பிடித்திருந்த நாலு பேரில் மூன்று பேர் விட்டுவிட்டார்கள். நாலாவது ஆள் யேசுவடியான் விடவில்லை. விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இறகு கிரேன் கையில் போய் மோதியிருக்கும், மேலே நின்ற இரண்டு பேர் போயிருப்பார்கள், அதை நினைத்து விடாமல் இருந்தாரோ, கையில் சுற்றிக்கொண்டு விட முடியாமல் போனாரோ, யாருக்குத் தெரியும். தூக்கி எறிந்தது. கிரேனுக்குப் பின்னால் அடுக்கியிருந்த எடைக்கட்டைமேல் போய் விழுந்தார், அங்கேயே உயிர் போய்விட்டது. அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த தாளில் காற்றுக்கு எல்லை பதிமூன்று என்று இருந்தது. அடியில், தயாரித்தவர் சுகிர்தா என்று அச்சாகியிருந்தது.

விசாரித்தார்கள். எதிர்பாராத காற்று என்று எழுதி முடித்தார்கள். அப்படி எழுதினதில் எல்லோருக்கும் நிம்மதி, காற்றைப் பிடித்து யாரும் உள்ளே வைக்க முடியாது. தாள் தப்பு என்று அவள் ஒருத்திதான் சொன்னாள், அதையும் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாள். மேனேஜர் கூப்பிட்டு, உன் ஷீட்டில் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். பத்து என்றாள். அப்புறம் என்ன, உன் ஷீட் சரி, விடு என்றார். விட்டிருப்பாள். பதினாறாம் நாள் லீலாபாய் வந்தாள், யேசுவடியானின் மனைவி, முந்திரி ஆலையில் வேலை, விரல்நுனியெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்து உரிந்திருந்தன. அந்த விரலால் ஒரு ஜெராக்ஸ் தாளை மேசைமேல் விரித்தாள். இதுல உள்ள பேரு ஒங்க பேருதானா என்று கேட்டாள். ஆமா. இந்தப் பதிமூணுன்னா என்னது. அவள் அழவில்லை, சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள், பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் காட்டி இது பாசா பெயிலா என்று கேட்பதுபோல. சுகிர்தாவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும், அது காற்று, வினாடிக்கு இத்தனை மீட்டர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. லீலாபாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் சுகிர்தா வேலையை விட்டாள். மனசாட்சிக்காக விட்டாள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அப்படியே பேசட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஏனென்றால் இன்னொன்று உண்டு. அதையும் பேர் சொல்லாமல்தான் அவள் தனக்குள் வைத்திருக்கிறாள், அண்ணாச்சியைப் போலவே. பணகுடித் தூக்குக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் ஐந்தரை இருக்கும், ஷீட் எப்போது சிவக்கிறது என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லையைப் பத்திலிருந்து எட்டாக்கினாள், சரியாகச் சிவந்தது. பதிமூன்றாக்கினாள், சரியாகப் பச்சையானது. அப்போது கரண்ட் போயிற்று. யூ.பி.எஸ். கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அவளுக்கு எப்போதுமே ஆகாது, குழந்தை வீறிடுவதுபோல் உடம்பெல்லாம் பரபரக்கும். சேவ் செய்தாள், மூடினாள். திரும்பப் பத்து அடித்துவிட்டு மூடினாளா. அடித்தாள். வலது ஓரத்து எண் கட்டைகளில் ஒன்றும் சைபரும், ஆள்காட்டி விரல் ஒன்று, கட்டைவிரல் சைபர், அந்த அசைவு கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த அசைவை அவள் ஆயிரம் தடவை செய்திருக்கிறாளே, அன்றைக்குச் செய்ததுதான் ஞாபகம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. பணகுடிக்கான நகலை அவள் மெஷினிலிருந்து எப்போது எடுத்தார்கள் என்று தெரியாது, மறுநாள் அவள் மெஷினில் இருந்த ஷீட்டில் பத்து இருந்தது. அதைத் திறந்து பார்த்தபோது இருந்ததா, திறந்து பார்த்துவிட்டுத் திருத்தினாளா. இல்லை, இருந்தது. ஆபீஸில் வேறு யாரோதான் மாற்றியிருக்க வேண்டும், மாற்ற அவர்களுக்குக் காரணம் இருந்தது, பாஸ்வேர்டு இருந்தது, அவளுக்கோ ஒரு காரணமும் இல்லை. ஆனால் யேசுவடியான் கையிலிருந்த கயிற்றுக்குக் காரணம் தெரியுமா. ஒன்பது வருஷமாக அந்த ஐந்தரை மணிக்கு அவள் திரும்பிப் போகிறாள், பஸ்ஸில், அடுப்படியில், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கும்போது, ஒவ்வொரு தடவையும் யூ.பி.எஸ். கத்துகிறது, ஒவ்வொரு தடவையும் விரல் போகிறது, கடைசிக் கட்டை எது என்று பார்ப்பதற்குள் திரை அணைந்துவிடுகிறது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் இந்தச் சாவி செய்கிறவரைக் கண்டுபிடித்தாள். ஒரு மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். எக்செல் ஷீட்டை இந்தச் சாவிக்குள் கட்டிப்போடலாம், நகல் எடுத்தாலும் சாவி இல்லாத இடத்தில் ஓடாது, எந்தச் சாவி எந்தத் தாளை அடித்தது என்று நம்பர் விழும், பூட்டின எண்ணை யார் என்றைக்கு மாற்றினாலும் பதிவாகும் என்றார். உங்களுக்கு ஷீட்ட விக்கணும், திருட்டுக் காப்பி போகக் கூடாது, அதானே என்று கேட்டார். ஆமா என்றாள். எல்லோரும் அதற்குத்தான் வாங்குவார்கள். சாவி கைக்கு வந்த அன்று வீட்டில் செருகினாள், உருவினாள், செருகினாள், உருவினாள். ஒவ்வொரு தடவை உருவும்போதும் கட்டங்கள் வெளுப்பதை ஒரு பசியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் யாரும் வாங்கவில்லை. ஊரெல்லாம் சும்மா கிடைப்பதை இவள் பூட்டி விற்கிறாள் என்றார்கள். முதல் சாவி வாங்கினவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி. அதை மறக்க முடியுமா. கோட்டாறு கடையில் அவளை உட்கார வைத்து, சர்பத் வாங்கிக் கொடுத்து, பூட்டு இருக்கிற வீட்டுக்குத்தாம்மா நான் பொண்ணு குடுப்பேன் என்று சிரித்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபம். அவருக்கும் இன்றைக்கு வேறு வழி தெரியவில்லை, காற்று அவருக்காகக் காத்திருக்காது. பன்னிரண்டில் ஒன்றும் ஆகாமலும் போகலாம். பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஆகாது. சிவப்பைச் செருகி, இரண்டு கட்டையைத் தட்டி, தாளை அடித்துக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். மீன் புளிமுளம் வைத்திருக்கிறாள், காலையிலேயே வைத்தாயிற்று. பைக்குள் கை தன்னால் போயிற்று. டப்பாவைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. ஒன்று, சைபர். அந்தக் கை எதைச் செய்யும் என்று அவளுக்கே தெரியாது. மாற்ற முடிகிற இடத்தில் இருக்கிற எந்தக் கையும் ஒருநாள் மாற்றும், நல்ல கையானாலும் களைத்த கையானாலும். அவள் பையை மூடி ஜிப்பை இழுத்தாள்.

கதவு திறந்தது. அண்ணாச்சியும் அவருக்குப் பின்னால் நவநீத்தும் வந்தார்கள். காற்றாலைக் கம்பெனியின் சைட் இன்ஜினியர், முப்பது வயதிருக்கும், முகமெல்லாம் மண், தலைக்கவசத்தின் வார் தாடையில் பதிந்து சிவந்திருந்தது. மேடம், அடியில் சாவி நம்பரோடு எனக்கு ஒரு பிரிண்ட் வேண்டும், அது இல்லாமல் நான் அனுமதி கொடுக்க முடியாது என்றான். இப்போதே தரலாம், சிவப்பாக வரும் என்றாள். அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி மேசையைப் பார்த்தார், மேசைமேல் ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பொறுமையாகத்தான் பேசினார். இறகு புதுசு, சங்கிலி புதுசு, கயிற்றுக்கு ஆறு ஆள் போட்டிருக்கிறேன், இரண்டே இரண்டு கூட்டிக் கொடு, இன்றைக்கு ஒரு நாள், சாயங்காலம் நீயே பழையபடி ஆக்கிக்கொள் என்றார். முடியாது என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். அண்ணாச்சியின் முகம் மாறிற்று. நவநீத்தை வெளியே நிற்கச் சொல்வாரோ என்று பார்த்தாள், சொல்லவில்லை.

"பணகுடியில அந்தப் பதிமூண அடிச்சது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், சுகிர்தா. மரியாதைக்குச் சொல்லாம இருக்கோம். நீ இன்னைக்கு எனக்கு நியாயம் சொல்லுத."

ஒன்பது வருஷமாக இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். இதே வார்த்தைகள், இதே போல் மூன்றாவது ஆள் ஒருவன் கேட்டுக்கொண்டு நிற்கையில். வந்துவிட்டது. வந்ததும் தலை கிறுகிறுக்கும், தரை போகும் என்று நினைத்திருந்தாள். தரை அங்கேயேதான் இருந்தது. உடம்புக்குள் இருந்த சூடுகூட இறங்கிவிட்டது. எல்லோருக்கும் என்ன தெரியும், எனக்கே தெரியாதது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நினைப்பு ஓடியது, அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டாள். மறுத்தால் மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"நானாக்கூட இருக்கலாம் அண்ணாச்சி," என்றாள். "எனக்கே தெரியல. தெரிஞ்சா நான் இப்படிப் பூட்டிக்கிட்டுத் திரியமாட்டேன். ஒங்களுக்கு எதிரா மட்டும் பூட்டல. என் கைக்கும் சேத்துத்தான் பூட்டுனேன்."

நவநீத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அண்ணாச்சி எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். ஒற்றை விரலால் பன்னிரண்டை அழித்தார். ஒன்பது என்று அடித்தார். கடைசிக் கட்டம் பச்சையாயிற்று, தூக்கலாம் என்றது. பிரிண்டர் உறுமித் தாளைத் துப்பியது. அவ்வளவு கூசினவர் கடைசியில் அதைத்தான் செய்தார், கூச்சம் போன பிறகு எவ்வளவு சீக்கிரம் நடந்துவிட்டது. அவள் கை பச்சைச் சாவிப் பக்கம் போனது. உருவினால் ஷீட் வெளுக்கும், ஆனால் தாள் வெளுக்காது. உருவினால் அது களவு, அது அவர் வாங்கின சாவி. கையை இழுத்துக்கொண்டாள். சாவி ஒங்களோடது, அதுக்குள்ள இருக்க பத்து என்னோடது என்று அவரிடம் சொல்ல நினைத்தாள், அவர் அதற்குள் தாளோடு படியிறங்கிவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இத்தனை வருஷம் இத்தனை பூட்டுப் போட்டும், கடைசியில் ஒரு மனுஷன் கையெழுத்துப் போடுகிற இடம் திறந்தேதான் இருக்கிறது என்று. அதற்குச் சாவி செய்கிறவர் கோயம்புத்தூரில் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

வெளியே காற்று அவளை ஆளாகவே மதிக்கவில்லை. சேலையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கிரேன் பக்கம் நடந்தாள். கலாசிகள் எடைக்கட்டையின் மறைவில் குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இழுகயிறுகள் இறகில் ஏற்கெனவே கட்டியாயிற்று, நுனிகள் தரையில் கிடந்து அடித்துக்கொண்டன. அவள் அவற்றைப் பார்க்காமல் தாண்டினாள், பார்த்தால் நின்றுவிடுவாள். அண்ணாச்சி கிரேன் படியில் ஏறி நின்று முத்துக்குட்டியிடம் தாளையும் பேனாவையும் நீட்டிக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் நவநீத் நின்றான். முத்துக்குட்டி கூண்டுக்குள் உட்கார்ந்து தாளைப் படித்தான், மேலிருந்து கீழே, எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி மெதுவாக. பிறகு தன் முன்னால் இருந்த சின்னத் திரையைப் பார்த்தான். பிறகு கீழே நின்ற சுகிர்தாவைப் பார்த்தான்.

"யக்கா, இதுல ஒம்பதுன்னு இருக்கு. நான் என்ன எழுத?"

அண்ணாச்சி திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சர்பத்தும் கோட்டாறு கடையும் நினைவுக்கு வந்தன. வரட்டும், அவை பாட்டுக்கு வரட்டும்.

"ஒன் கண்ணு முன்னால என்ன தெரியுதோ அத எழுது," என்று கத்தினாள். காற்றுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்தினாள், கத்தியது அவளுக்குப் பிடித்திருந்தது. "நான் சொல்லுததயும் எழுதாத, அவங்க சொல்லுததயும் எழுதாத."

முத்துக்குட்டி தாளைத் தொடைமேல் வைத்து, ஒன்பதின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில் பன்னிரண்டு புள்ளி நாலு என்று எழுதினான். பேனாவை வைக்கப் போனவன் மறுபடி திரையைப் பார்த்து, நாலை ஏழாகத் திருத்தினான். கையெழுத்துப் போட்டான். தாளை அவன் அண்ணாச்சியிடம் கொடுக்கவில்லை, அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி நவநீத்திடம் கொடுத்தான். நவநீத் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். இன்றைக்கு இல்லை என்று கையை ஆட்டினான். முத்துக்குட்டி எஞ்சினை அணைத்தான். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் காற்றின் சத்தம் எவ்வளவு என்று தெரிந்தது. கலாசிகளில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு இழுகயிறுகளை அவிழ்க்கப் போனார். போன வேகத்தைப் பார்த்தால் அவருக்கு அவசரமே இல்லை.

அவளைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட யாரும் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. மண்பாதை முடிந்து மெயின் ரோட்டில் ஏறி ஆரல்வாய்மொழிப் பக்கம் நடந்தாள். காற்று நேர் எதிரே வந்தது. மூன்று மணிக்கு மேல் இந்தக் காற்று அடங்கிவிடலாம். அடங்கி, எட்டுக்கோ ஏழுக்கோ வந்து, பார்த்தாயா, அப்போதே தூக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று எல்லோரும் சொல்லலாம். சொல்வார்கள். அவள் சரி என்று காட்டுவதற்காக இறகு யார்மேலும் விழப்போவதில்லை, அது விழாமல் படுத்திருப்பதால் அவள் தப்பு என்றே ஆகிவிடும். ஆகட்டும். பணகுடியில் அந்த ஐந்தரை மணி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இன்றைக்குச் செய்தது எதுவும் அந்த விரலை எந்தக் கட்டையிலும் கொண்டுபோய் வைக்கவில்லை. ஆனால் லீலாபாய் திரும்ப வந்து தாளை விரித்தால் பதில் சொல்லலாம் என்று தோன்றியது. பதிமூணுன்னா காத்தும்மா. அது அவ்வளவு அடிக்கும்போது ஒங்க வீட்டுக்காரர அங்க நிக்க விட்டிருக்கக் கூடாது. அத எழுதினது நானாக்கூட இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். காற்று வார்த்தைகளை வாயிலிருந்து பிடுங்கிப் பின்னால் எறிந்தது. தடமாலங்குளம் சர்ச்சுக்குப் பின்னால் லீலாபாயின் வீடு என்று கேள்வி. சனிக்கிழமை போகலாம். போவாள்.

பின்னாலிருந்து அண்ணாச்சியின் ஜீப் வந்து அவள் நடைக்குச் சமமாக ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. ஏறு, இந்தக் காத்துல எப்படி நடப்ப என்றார். நடந்துருவேன் என்றாள். அவர் ஜீப்பை விலக்காமல் கூடவே ஓட்டினார்.

"நாளைக்கு வேற ஆளக் கூப்புடப் போறேன். தெரியும்லா."

"கூப்புடுங்க," என்றாள் சுகிர்தா. "அவங்களும் ஒங்ககிட்ட முதல்ல காத்து எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. கேக்கலன்னா நீங்க ஏறாதீங்க, ஒங்க ஆளயும் ஏத்தாதீங்க."

கண்ணாடி ஏறியது. ஜீப் ஒரு உறுமலோடு அவளைத் தாண்டிப் போயிற்று. அது கிளப்பிய மண்ணை முழுதாக வாங்கித் திருப்பி அவள் முகத்திலேயே போட்டது காற்று. கண்ணை இடுக்கிக்கொண்டாள். பல்லுக்கிடையில் மண் நறநறத்தது. ஓரமாகத் துப்பிவிட்டு நடந்தாள்.